காட்டுக்கோழிதான் என்று நான் சொன்ன குஞ்சுகள்

கண்ணு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. தபாலில் போடப் போகிற வழியில் ரேஞ்சர் ஐயா ஆபீசில் கொடுத்து, அவர் படித்து முடித்த பிறகுதான் பெட்டியில் போடுவேன். அம்மா மகனுக்கு எழுதுவதை மேலதிகாரி ஏன் படிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும். எனக்குப் பொன்னாடை போர்த்தியதை இந்த ஊரே நின்று பார்த்தது. இதையும் நாலு பேர் படிப்பதுதான் நியாயம். உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒரு தாய் என்னென்னவோ நல்ல வார்த்தை எழுதுவாள். எனக்கு அதெல்லாம் எழுத இப்போது கை வரவில்லை.

போன வாரம் உன் கடிதம் வந்தது. பயிற்சி முடிந்து வைகாசியில் வந்துவிடுவாய் என்றும், அங்கே பெரிய ஆபீசர் உன் காட்டுக்கோழி வேலையைப் பற்றிக் கேட்டு எல்லோர் முன்பும் பேசச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். இந்த வருடம் மஞ்சக்குட்டை, வாழவந்தி பக்கமெல்லாம் காட்டுக்கோழி முட்டையை அடை வைத்துப் பொரித்து விடப் போகிறாயாம். என்னுடைய அடைக்கோழிகளைத் தயாராக வைக்கச் சொல்லியிருந்தாய். அதற்குக் கீழே எழுதினாயே, "ஒரு நாட்டுக்கோழி உள்ளே கலந்தாலும் போச்சும்மா, அதுகளுக்குள் இனம் சேர்ந்துவிட்டால் அப்புறம் எது காட்டுக்கோழி என்று யாராலும் பிரிக்க முடியாது, நம் கோழிகளின் கழிச்சல் நோய் காட்டுக்குள் போனால் மொத்தக் கூட்டமும் போய்விடும், அதனால்தான் உன்னைப் போல நம்பகமான ஆள் வேண்டும்" என்று. காபி குடித்துக்கொண்டே படித்தேன். டம்ளரைக் கீழே வைத்தவள் மறுபடி எடுக்கவில்லை.

உள்ளே கலந்துவிட்டது, கண்ணு. கலந்தவள் நான்.

எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். பாலவாடியில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள், இதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். போன வருடம் கோடை மழை பெய்து எஸ்டேட்டில் களை வெட்டு நடந்தது. காபிச் செடி முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில் உண்ணிச்செடிப் புதரை வெட்டியபோது, நம் லைன் வீட்டுச் செல்லக்கா கையில் ஏழு முட்டை கிடைத்தது. அவித்துத் தின்ன அவள் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். நீ அப்போதுதான் வனவர் உடுப்புப் போட்டுக்கொண்டு சொந்த ஊருக்கே வேலைக்கு வந்திருந்தாய். வழியில் அவளை மறித்துவிட்டாய். "ஏனுங்க தம்பி, திங்கக் கூடாதுன்னா அப்பறம் கோழி எதுக்குங்க முட்டை உடுது?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். "அடுத்த கோழி வர்றதுக்குங்க அக்கா" என்றாய் நீ. அவளுக்குச் சிரிப்பு வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள். புதரை வெட்டிவிட்டதால் தாய்க்கோழி இனித் திரும்பாது, நாமே அடை வைத்துப் பொரித்துக் காட்டில் விடலாம் என்று ரேஞ்சர் ஐயாவிடம் போய்ச் சொன்னாய். அவரும் சரி என்றார். அப்போது நம் நாட்டுக்கோழி கருப்பி அடைக்குக் கேறிக்கொண்டிருந்தாள். எல்லாம் கூடி வந்தது என்று நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

கூடையில் மணல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமலிருக்க ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டு அடை வைத்தேன். "ஆணிக்கும் இடிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேலி செய்தாய். "உன்னைப் பெத்தப்பவும் தலைமாட்டுல இரும்பு வெச்சுத்தான் படுத்தேன், நீ கூமுட்டையா போகலையே" என்றேன். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது நினைத்தால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

அடைக்காலம் பாதிக்கு மேல் ஆன பிறகு நீ ஆபீஸ் வேலையாகச் சேலம் இறங்கினாய். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நான் போவேன் என்று உனக்குத் தெரியும். "போறதுன்னா செல்லக்காவப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போம்மா" என்றாய். "நான் கோழி வளர்க்க ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல சாமி, எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா?" என்று உன் வாயை அடைத்தேன். செல்லக்காவிடம் சொல்லவில்லை. கருப்பிக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, நாய் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். மலை மேல் கூட்டம். சாமி கும்பிட்டு இறங்கும்போது நல்ல மழை. பஸ் கிடைக்காமல் மஞ்சக்குட்டையில் உன் சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். மறுநாள் வந்து கதவைத் திறந்தால் கூரைத் தகரம் ஒன்று காற்றில் தூக்கி, கூடை இருந்த இடத்திலேயே தண்ணீர் ஒழுகியிருந்தது. கருப்பி ஈரம் பொறுக்காமல் இறங்கி அடுப்பு மேட்டில் உட்கார்ந்திருந்தாள். முட்டைகள் சில்லென்று கிடந்தன. ஆணியும் கரியும் பத்திரமாக இருந்தன.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். உயிர் இருந்தால் முட்டை மெல்ல ஆடும். ஒன்றும் ஆடவில்லை. ஆரஞ்சு மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போதே அந்த யோசனை வந்துவிட்டது. செவலைக்கோழியும் பரண் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தாள், கருப்பிக்கு இரண்டு நாள் முன்பின் வைத்ததுதான். அவளுடைய சின்ன முட்டைகளாகப் பார்த்து எடுத்து, உலர்ந்த மணல் போட்டுக் கருப்பியின் கீழ் வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. உன் முகம் வாடுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் செய்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ சொன்னபடி செல்லக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் முட்டை பிழைத்திருக்கும். கோழி விஷயத்தில் பெற்ற பிள்ளையிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் மறுபாதி.

நீ வருவதற்குள் குஞ்சு பொரித்துவிட்டது. மஞ்சளாக இருந்ததையும் கருப்பாக இருந்ததையும் முறத்தில் அள்ளி, தின்ன முட்டையைக் கொடுத்தவளுக்குப் பதில் மரியாதை என்று சொல்லிச் செல்லக்காவிடம் கொடுத்தேன். முதுகில் பழுப்புக் கோடு போட்ட ஐந்தை மட்டும் கருப்பியிடம் விட்டேன். அவ்வளவு பதவிசாகச் செய்தேன், கண்ணு. தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்லிக்கொள்ள இதில் எனக்கு ஒரு இடமும் இல்லை.

நீ வந்தவுடன் உடுப்பைக்கூட மாற்றாமல் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நாட்டுக்கோழிக் குஞ்சுலயும் கோடு போட்டது வருமேம்மா. எனக்குப் படத்துலதான் பழக்கம். நீ தினம் பாக்குறவ. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏழு முட்டை போனதோடு முடிந்திருக்கும். "காட்டுக்கோழின்னா காட்டுக்கோழிதான் கண்ணு. பார்த்தா தெரியாதா எனக்கு?" என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா சொன்னால் சரி என்று விட்டுவிட்டாய். பெரிய ஆபீசர் கேட்டிருந்தால்கூட நான் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் உனக்கு ஒரு நெருடல் இருந்தது, எனக்குத் தெரியும். பருந்து நிழல் விழுந்தால் காட்டுக்குஞ்சு அப்படியே இலையோடு இலையாகப் பதுங்கும், ஆள் வந்தால் ஓடும் என்று சொல்வாய். இவையோ நான் முறத்தைத் தட்டினால் போதும், என் காலைச் சுற்றிக்கொண்டன. "நொம்பத்தான் பழகிருச்சும்மா" என்று யோசனையாகச் சொன்னாய். "என் கைராசி அப்படி" என்றேன். ஆடியில் அவை பறக்கத் தொடங்கியதும் கூண்டில் வைத்துக் கொட்டச்சேடு பக்கம் காட்டோரத்தில் விட்டோம். ரேஞ்சர் ஐயா வந்தார், எஸ்டேட் ரைட்டர் வந்தார், லைன் வீட்டு ஜனம் முழுக்க வந்தது. "இந்த மாதிரி தாய்மார்கள் இருக்கும்வரை காட்டுக்கு ஒரு குறையும் இல்லை" என்று ஐயா பேசி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் கும்பிட்டேன். கூண்டைத் திறந்தபோது அந்த ஐந்தும் காட்டுக்குள் போகாமல் திரும்பி என்னிடம் வந்ததற்கு எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய், பிறகு அவற்றைக் காட்டுக்குள் விரட்டிவிட்டாய்.

வளர்ந்த பிறகு கண்டுபிடிப்பது சுலபம் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். காட்டுப்பெட்டையின் நெஞ்சு வெள்ளையாக, இறகு ஒவ்வொன்றுக்கும் கருப்புக் கரை கட்டி, மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். காட்டுச்சேவலின் உடம்பு சாம்பல், கழுத்தில் மெழுகுச் சொட்டுப் போல மஞ்சள் புள்ளி. அது நம் சேவல் போல இழுத்துக் கூவாது, வெட்டி வெட்டிக் கூவும். அந்த நிறமெல்லாம் வருவதற்குள் ஐப்பசியில் நீ பயிற்சிக்குப் போய்விட்டாய். இங்கே அதன் வினை எனக்குத்தான் வந்தது. கார்த்திகையில் ஒரு நாள் பாலவாடி வாசலில் செல்லக்கா வந்து நின்றாள். "ஏனுங்க டீச்சர், நீங்க உட்ட காட்டுக்கோழி ரெண்டு எங்கூட்டுல வந்து சோறு கேக்குதுங்க. நெஞ்சுல செதிலும் இல்ல, ஒன்னும் இல்ல. எனக்குக் குடுத்தீங்களே மஞ்சக் குஞ்சு, அதுகளோட அக்கா தங்கச்சியாட்டம் நிக்குதுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "பழகின கோழி அப்படித்தான் வரும்" என்று சமாளித்தேன். "அப்படிங்களா டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை அவள். அவள் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு குத்தியிருக்காது. எதிரே வந்தால் நான்தான் வேறு வழியில் போனேன்.

மற்ற மூன்றில் இரண்டைக் காணோம். கீரியோ நரியோ கொண்டுபோயிருக்கும் என்று, சொல்லவே நாக்கூசுகிறது, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மீதி ஒரு சேவல். தையில் காபிப் பழம் பறிக்கிற நேரத்தில் காட்டோரத்திலிருந்து அது கூவுவதைக் கேட்டேன். இழுத்து, கடைசியில் தேய்ந்து முடிகிற கூவல். நம் வீட்டுச் சேவலின் கூவல்தான், வேறில்லை. பறித்துக்கொண்டிருந்த பெண்கள் "காட்டுச்சேவ என்னங்க ஊட்டுச்சேவ மாதிரி கூவுது" என்று சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ ரெண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஓர் ஆட்டுக்குட்டி வளர்த்தாய், ஞாபகமிருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது அது மரவள்ளித் தழையைத் தின்று செத்துப்போனது. நீ அழுவாய் என்று உன் அப்பா வாழவந்திக்கு ஓடி, அதே நிறத்தில் ஒரு குட்டியைப் பிடித்துவந்து அதே கயிற்றில் கட்டினார். யோசனை என்னுடையது. நீ வந்து தழை போட்டாய், தடவிக் கொடுத்தாய், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைப் பழைய பேர் சொல்லி நீ கூப்பிடவே இல்லை. அப்பா அதைக் கவனித்து, "பையனுக்குத் தெரியும் புள்ள. நமக்காவத்தான் சும்மா இருக்கறான்" என்றார். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். அவர் போய் இத்தனை வருடம் கழித்து அவர் சொன்னது உறைக்கிறது. நீ எதையாவது தொலைத்துவிட்டால், தொலைத்துவிட்டேன் என்று வரப்போகிற பெண்ணிடம் சொல்லிவிடு. அவள் அழட்டும், திட்டட்டும், நாலு நாள் பேசாமல் இருக்கட்டும். அதே நிறத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து கட்டாதே. கட்டினால், உன் மேல் வைத்த அன்பினால் அவள் வாயை மூடிக்கொண்டு காலம் முழுக்க இருக்க வேண்டி வரும். உன்னை நான் அப்படித்தான் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அன்றைக்குக் கூடைக்கு முன்னால் என்னைப் பார்த்தாயே, அப்போதும் உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் என் வார்த்தைக்காக விட்டாயா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டாம். எனக்குத் தாங்காது.

ரேஞ்சர் ஐயா, இதை முதலில் படிக்கிறவர் நீங்கள். பையன் என்னைக் கேட்டான், நான் பொய் சொன்னேன். அவன் பேரில் எந்தக் குறிப்பும் எழுதிவிடாதீர்கள். பொன்னாடையை மடித்துக் கடிதத்தோடு கொண்டுவந்திருக்கிறேன். போர்த்திக்கொள்ளவும் மனமில்லை, பெட்டியில் வைக்கவும் மனமில்லை. என்ன தண்டனை என்றாலும் எனக்குச் சொல்லுங்கள்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன், கண்ணு. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நேற்றுக் காலையில் செல்லக்கா வீட்டுக்கு நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியுமுங்க டீச்சர். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். அந்த இரண்டு பெட்டையையும் வெளியே விடாமல் கூடை போட்டுக் கவிழ்த்து வைப்பதாகச் சொன்னாள். பிறகு நான் முறத்தில் ராகியும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு நாம் கூண்டைத் திறந்த இடத்துக்கே போனேன். முறத்தைத் தட்டி "பா, பா, பா" என்று கூப்பிட்டேன். வராது, வராமல் இருக்கட்டும், காட்டுக்கோழியாக ஆகியிருக்கட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். உண்ணிச்செடி அசைந்தது. சிவப்புக் கழுத்தும் பச்சை வாலுமாக அந்தச் சேவல் ஓட்டமாய் ஓடி வந்து என் உள்ளங்கையில் கொத்தியது. இத்தனை மாதம் காட்டில் இருந்தும் என்னை மறக்கவில்லை அது. அப்படியே அமுக்கிச் சாக்கில் போட்டேன். இதை எழுதும்போதும் பஞ்சாரக் கூடைக்குள் இருந்து கூவிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அது தனியாக வரவில்லை. அது வந்த புதருக்குப் பின்னால் ஒரு பெட்டை நின்றது. வெள்ளை நெஞ்சு, கருப்புக் கரை, நீ சொன்ன செதில் அடுக்கு அப்படியே. அசல் காட்டுக்கோழி. என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பறந்துபோனது. அதன் காலடியில் குஞ்சுகள் இருந்தன. அந்தச் சத்தம் கேட்டதும் இலைக்குள் பதுங்கிவிட்டன, ஒன்றுகூட அசையவில்லை. நான் குனிந்து சருகை விலக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முதுகில் பழுப்புக் கோடு. பிடிக்கக் கை போனது, பிடிக்கவில்லை. சேவல் நம் வீட்டுச் சேவல்தான். ஆனால் இந்தக் குஞ்சுகளுக்கு அது அப்பனா, அந்தப் பெட்டையோடு சும்மா மேய்ந்ததா, யார் சொல்வார்கள்? அசல் காட்டுக்குஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது இன்னொரு பாவம். விட்டுவிட்டு வந்தால் உன் காட்டில் என் பொய் வளரும். சருகை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சீக்கிரம் வந்துவிடு. கல்யாண வேலை கிடக்கட்டும், முதலில் அங்கே போய்ப் பார். இடத்தைச் செல்லக்காவுக்கும் காட்டி வைத்திருக்கிறேன். நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா என்று அன்றைக்குக் கேட்டாயே, அதற்கு நான் உண்மையான பதில் சொல்லவே இல்லை. சருகுக்கு முன்னால் முட்டி போட்டு நொம்ப நேரம் பார்த்தேன், கண்ணு. எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா